பிரேக் கீச்சிடுகிறதா? பேடை மாற்றும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு வட்டத் தட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் உராய்வுக் கட்டைகள் (பேட்) பிடித்து நிறுத்துகிற அமைப்பு. காரில் அது கீச்சிட ஆரம்பித்தால் நம் ஊரில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." சில நேரம் அது சரியான பதில். ஆனால் பல நேரம் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும், அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டிப் பணம் கொடுத்துவிட்டு வந்த பிறகும் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பி வந்து நிற்கும். எங்கள் வீட்டுக் காரில் நடந்தது இதுதான். அதன் பிறகு இந்த விஷயத்தை விடாமல் பின்தொடர்ந்து, நல்ல ஒரு மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டு, இப்போது முன்சக்கர பிரேக்கை நானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிறேன். அதில் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஒரு பேட் செட்டின் காசாவது மிச்சமாகட்டும்.

வண்டி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரண ஹேட்ச்பேக். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகலாம், வண்டி நிற்பது திறந்த இடத்தில். உப்புக் காற்றும் மழையும் படாத நாள் கிடையாது. 40,000 கிலோமீட்டர் தாண்டிய சமயம் சத்தம் தொடங்கியது. வேகமாகப் போகும்போது பிரேக் போட்டால் ஒன்றும் இல்லை. சிக்னலை நெருங்கி, லேசாக மிதித்துக்கொண்டே ஊர்ந்து நிறுத்துகிற அந்தக் கடைசிச் சில அடியில் மட்டும் காது கூசும் அளவுக்கு ஒரு கீச். காலையில் அதிகம், மதியம் குறைவு. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். இந்த விவரங்களை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பேடை மாற்றினார்கள், சத்தம் போனது, மழைக்காலம் தொடங்கியதும் திரும்பி வந்தது. மறுபடி போய்ச் சொன்னால் "புது பேட் செட் ஆக நாளாகும்" என்றார்கள்.

அப்புறம் ஒரு நண்பர் சொல்லி வேளச்சேரிப் பக்கம் சின்னதாக ஷெட் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பேடை விடுங்க தம்பி, பின்னைப் பாப்போம்" என்று சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரை, அதாவது பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கிற கவ்வியை, திறந்து அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். காலிப்பர் நழுவி நகர்வதற்கு இருக்கிற இரண்டு இரும்புப் பின்களில் கீழ்ப் பின் அசையவே இல்லை, அதை மூடுகிற ரப்பர் உறை (பூட்) கிழிந்து உள்ளே தண்ணீர் போய்த் துரு பிடித்திருந்தது. உள்பக்கப் பேட் வெளிப்பக்கப் பேடைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது, இத்தனைக்கும் இரண்டும் ஒரே நாளில் மாட்டிய புது பேட். பேட் உட்காருகிற கிளிப்புகள் பழையவையே, அவற்றின் அடியில் துரு மேடு கட்டிக் கிளிப்பைத் தூக்கியிருந்தது. பேடின் முதுகில் அதிர்வை உறிஞ்ச இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடுகள் இல்லவே இல்லை, பழைய பேடோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்க வேண்டும். "புது பேட் போட்டாங்க, ஆனா செய்ய வேண்டிய வேலையைச் செய்யலை" என்றார். அந்த ஒரு வரிதான் நான் இங்கே விரித்து எழுதுகிற எல்லாமே.

இந்தக் கீச் சத்தம் எப்படி உண்டாகிறது என்று புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பேட் டிஸ்க்கை உரசும்போது ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போவதில்லை. பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் சாக்பீஸ் சில கோணத்தில் பிடித்தால் கிரீச்சிடுமே, அதே கதைதான். அந்த அதிர்வு டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் பரவி, டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட்டால், அவ்வளவு பெரிய வார்ப்பிரும்புத் தட்டே ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது. பொதுவாக 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல், 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும், அதனால்தான் அவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது. ஆக, உரசல் எல்லா பிரேக்கிலும் உண்டு, அதை ஒழிக்க முடியாது, உரசல் இல்லாவிட்டால் வண்டி நிற்காது. அந்த நடுக்கம் வளர்வதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது மட்டும்தான் நம்மால் முடியும். பேட் அதன் இருக்கையில் ஆட்டம் இல்லாமல், அதே நேரம் தடையில்லாமல் நகர வேண்டும். அதன் முதுகுக்கும் அதைத் தள்ளுகிற பிஸ்டனுக்கும் நடுவில் அதிர்வை உறிஞ்ச ஏதாவது இருக்க வேண்டும். டிஸ்க்கின் முகம் சமமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான கீச் அடங்கிவிடும்.

சொல்லப்போனால் இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு கூடவே பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகம் உலோகத்தோடு உரசுகிற அமைப்பு அது, பயங்கரமாகக் கிரீச்சிட்டது. 1907-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் போட்ட பிறகுதான் சத்தம் குறைந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக இன்ஜினியர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேடின் முதுகில் ஒட்டியிருக்கிற அந்தச் சின்ன ஷிம் தகடும், ஓரத்தில் சரிவாகச் செதுக்கியிருக்கிற பகுதியும், நடுவில் ஓடும் கோடும் அழகுக்காக அல்ல, ஒவ்வொன்றும் அந்த உழைப்பில் வந்தது. அதை ஒருவர் அவசரத்தில் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, கழற்றுவதற்கு முன்னால் காதால் பிரித்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு, ஏனென்றால் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல.

முதலில் ஆபத்தான சத்தம். பல கார்களில் பேடோடு ஒரு சின்ன இரும்பு நாக்கு வரும். பேட் தேய்ந்து ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு மெல்லிய கீச் கொடுக்கும். இது வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை. பிரேக் போடாமல் ஓடும்போதே, சக்கரம் சுற்றுவதற்கு ஏற்பச் சத்தம் வந்துகொண்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சேலத்தில் என் சித்தப்பா வண்டியில் இப்படி வந்தபோது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். கீச் போய்க் கரகர என்று மாறியது, அதாவது பேட் முழுக்கத் தேய்ந்து பின்தகடு இரும்பு டிஸ்க்கை உழ ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பேட் மட்டும் மாற்றினால் போயிருக்க வேண்டியது இரண்டு டிஸ்க்கும் சேர்த்து மாற்றுகிற செலவாகிவிட்டது. கரகர என்று அரைக்கிற சத்தம், அழுத்தி மிதித்தால் இன்னும் கூடுகிற சத்தம், பெடலில் நடுக்கம், வண்டி ஒரு பக்கம் இழுப்பது, இதில் எது இருந்தாலும் நேராக மெக்கானிக்கிடம் போங்கள், கீழே எழுதியிருப்பதை எல்லாம் அப்புறம் படிக்கலாம்.

அடுத்தது, பயப்பட வேண்டாத சத்தம். மழை பெய்த மறுநாள் காலை, அல்லது வண்டி கழுவி நிறுத்திய மறுநாள், டிஸ்க்கின் முகத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே இரவில் துருப்பிடிக்கும், அதுவும் எங்கள் மாதிரிக் கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். முதல் சில பிரேக்கில் சரசர என்று கேட்டுவிட்டுத் தெருமுனை தாண்டுவதற்குள் போய்விட்டால் அது வழித்தெடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, பலரை அலைய வைப்பது. டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டில் ஒரு டஸ்ட் கவர் இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு ஜல்லிக் கல் மாட்டிக்கொண்டால் உயிர் போகிற மாதிரிச் சத்தம் வரும். அலுவலக நண்பர் ஒருவர் கட்டுமான வேலை நடக்கிற தெருவில் குடியிருக்கிறார். ஒரு நாள் காலை வண்டியை எடுத்ததும் தொடர்ந்து ஒரு கிரீச், பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும். இழுவை வண்டி கூப்பிடுகிற நிலைக்குப் போய்விட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவு கல். சில நேரம் மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸில் எடுத்தாலே விழுந்துவிடும். டஸ்ட் கவர் வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலும் இதே மாதிரி வரும், கையாலேயே லேசாக வெளியே வளைத்துவிடலாம்.

இவை எதுவும் இல்லாமல், என் வண்டி மாதிரி, மெதுவாகப் போகையில் லேசாக மிதித்தால் கீச், அழுத்தினால் நிற்கிறது என்றால் அது அதிர்வுக் கீச். அழுத்தும்போது பேட் இறுக்கமாகப் பிடிபட்டு நடுங்க இடமில்லாமல் போவதால்தான் நிற்கிறது. இதற்கான மருந்து பேட் உட்காருகிற இடத்தில் இருக்கிறது.

இனி வேலை. பிரேக்கில் கை வைப்பது இதுதான் முதல் தடவை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு கட்டாயம் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கிற ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடத்தில் கையை விடக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும், எது எப்படி மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரைத் திறந்ததும் அதை பிரேக் ஆயில் வருகிற ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பேட் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. பெயர் தெரியாத பழைய பேட்களில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத் துணியாலோ பிரேக் கிளீனர் அடித்தோ துடையுங்கள். டீசல், பெட்ரோலில் கழுவுவது நம் ஊர் வழக்கம், இங்கே அது வேண்டாம். டீசலின் எண்ணெய்ப் பசை பேடில் ஊறும், இரண்டுமே காலிப்பரின் ரப்பரைக் கெடுக்கும்.

பின்கள்தான் முதல் சந்தேக இடம். நம் ஊரில் ஓடுகிற சாதாரணக் கார்களில் பெரும்பாலும் காலிப்பருக்கு உள்பக்கம் ஒரே ஒரு பிஸ்டன்தான். அது உள்பக்கப் பேடைத் தள்ளும், அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பரே இரண்டு பின்களின் மேல் நழுவி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துப் பிடிக்கும். பின் ஜாம் ஆனால் உள்பக்கப் பேட் மட்டுமே உழைக்கும், காலை எடுத்த பிறகும் முழுசாக விலகாது, லேசாக உரசிக்கொண்டே சூடாகி, முகம் பளபளப்பாகிக் கீச்சிடும். மைலேஜும் குறையும். கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை.

பின்னை உருவி, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, அது போகிற துளையையும் துடைத்து, துரு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பின்னிலேயே குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். பூட் கிழிந்திருந்தால் பின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூட்டை மாற்றாமல் மூடாதீர்கள், அடுத்த மழைக்கே பழைய நிலைதான். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும், மேலுக்கும் கீழுக்கும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கெடுவது இங்கேதான். டப்பாவில் இருக்கிற பேரிங் கிரீஸை எடுத்துப் பின்னில் அப்புவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பட்டால் பிரேக்கில் இருக்கிற ரப்பர் ஊதிவிடும். ஊதின புஷ்ஷும் பூட்டும் பின்னை இறுக்கிப் பிடிக்கும், கிரீஸ் போட்டதே ஜாம் ஆகக் காரணமாகிவிடும். பின்னுக்குப் போட வேண்டியது சிலிக்கான் சார்ந்த பிரேக் கிரீஸ், ரப்பருக்கு ஆகும் என்று டியூபிலேயே எழுதியிருக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கேட்டு வாங்கினேன், ஒரு சின்ன டியூப் வருஷக்கணக்கில் வரும். அதுவும் மெல்லிய பூச்சுதான் வேண்டும். துளை நிறைய அடைத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் பின் திருப்பித் தள்ளும்.

அடுத்து பேடின் காதுகள், அதாவது அதன் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிகள், உட்காருகிற இடம். அங்கே இருக்கிற ஸ்டீல் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் பாருங்கள். அந்தத் துருதான் கிளிப்பை மேலே தூக்கிப் பேடை நெரிக்கிறது. ஒயர் பிரஷ்ஷும் அரமும் வைத்துப் பளிச் என்று இரும்பு தெரிகிற வரை எடுக்க வேண்டும், ஆனால் இரும்பையே அராவி இடத்தைப் பெரிதாக்கிவிடக் கூடாது. கிளிப் தொய்ந்திருந்தால் புதுசு போடுங்கள், பேட் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எல்லாம் மாட்டிய பிறகு பேட் விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் எங்கேயோ இன்னும் துரு இருக்கிறது. அதே போல லொடலொட என்று ஆடவும் கூடாது.

பேடின் முதுகு. ஷிம் பேடோடு ஒட்டியே வந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். தனியாக வருகிற வகை என்றால் பழைய ஷிம்மை நிமிர்த்திச் சுத்தம் செய்து புது பேடுக்கு மாற்ற வேண்டும், அல்லது புது ஷிம் வாங்க வேண்டும். பிஸ்டனின் விளிம்பும், வெளிப்பக்கத்தில் பேடைப் பிடிக்கிற காலிப்பரின் விரல் மாதிரி நீட்சிகளும் தொடுகிற இடத்தில் மட்டும், அதிகச் சூடு தாங்குகிற பிரேக் பேஸ்டைக் காகிதம் கனத்துக்குப் பூசலாம், காதுகளிலும் ஒரு தொடுப்பு. செம்பு கலந்த பேஸ்ட் முன்பு எல்லோரும் போட்டதுதான், இப்போது பல பேட் தயாரிப்பாளர்கள் அதைவிட செராமிக் பேஸ்டையே சொல்கிறார்கள். ஒரு பொட்டுகூட பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ படக் கூடாது. பட்டால் உடனே பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடில் ஊறிப்போயிருந்தால் அந்தப் பேட் அவ்வளவுதான், மாற்றியே ஆக வேண்டும். சத்தம் நிற்கட்டும் என்று டிஸ்க்கில் எண்ணெய் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் என்று வித்தியாசம் இருந்தால் அதையும் கவனியுங்கள், அந்த எச்சரிக்கை நாக்கு பெரும்பாலும் உள்பக்கம் வரும். ஓரச் சரிவு இல்லாத பேட் என்றால், அதன் ஓரக் கூர்மையை அரத்தால் லேசாகச் சாய்வாக எடுத்துவிடலாம். டிஸ்க் வந்து முட்டுகிற முன்விளிம்பு கடித்துப் பிடிப்பது குறையும், பல வண்டிகளில் இதுவே கீச்சை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விளிம்பில் மேடு கட்டியிருக்கிறதா, கோடு ஆழமாக விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், தேய்ந்தோ லேத்தில் கடைந்தோ அதற்குக் கீழே போகக் கூடாது. கனம் இருந்து, முகம் மட்டும் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். புது டிஸ்க் என்றால் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அதில் இருக்கும், அதைத் துடைக்காமல் மாட்டினால் முதல் பிரேக்கிலேயே பேட் கெட்டுவிடும். டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தில் துரு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து ஓடும், அங்கேயும் ஒயர் பிரஷ் போடுங்கள்.

இதோடு சேர்ந்தது சக்கர நட்டு. பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து வரிசையாக முறுக்கித் தள்ளுகிறார்கள் பாருங்கள், நட்டுகள் ஆளுக்கொரு இறுக்கமாக இருந்தால் டிஸ்க் மெல்ல நெளியும், அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆனாலே பிரேக்குக்கு அதிகம். எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். அளவு கார் கையேட்டில் இருக்கும், சின்னக் கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். காலிப்பர் போல்ட்டுக்கும் கையேட்டு அளவுதான்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா பொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்டில் பட்டால் தின்றுவிடும். பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் சில காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள முடியும், எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் ஸ்கேனர் வேண்டும், அதில் பலவந்தம் வேண்டாம். எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை ஒரு அங்குலம் நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டியாகிற வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து வண்டியை எடுத்துச் சுவரில் இடித்தவர்கள் உண்டு.

புது பேட் போட்டால் அதைப் பழக்க வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்தால்தான் பிடிமானமும் அமைதியும் வரும். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) காலியாக இருக்கும்போது நான் இதைச் செய்வேன்: 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடுத்தரமாக மிதித்து 10 வரை குறைப்பது, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடி. எட்டு பத்து தடவை போதும். சூடாக இருக்கும்போது நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் பேட் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அங்கே மட்டும் நடுங்கும். அதன் பிறகு முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசியம் இல்லாமல் சடக்கென்று பிரேக் போடாமல் இருந்தால் நல்லது. "செட் ஆக நாளாகும்" என்பதில் இருக்கிற உண்மை இவ்வளவுதான், ஷிம்மும் பின்னும் சரியில்லாத பேட் எத்தனை நாளானாலும் செட் ஆகாது.

மலையிறக்கம் தனி விஷயம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. கீழே இறங்கும்போது முழு நேரமும் பிரேக்கில் கால் வைத்தே வந்தால் அடிவாரத்தில் ஒரு கருகல் வாடை வரும், பேடின் முகம் வெந்து கெட்டியாகிப் பளபளக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. ஊர் திரும்பிய பிறகு "மலைக்குப் போனதிலிருந்து கீச்சிடுகிறது" என்று வருகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. ஏறின கியரிலேயே இறங்குங்கள், இரண்டாம் கியரில் இன்ஜினே பாதி பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் சற்று அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக வெந்த பேடை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி பழக்கினால் தேறும். வெடிப்பு விட்டிருந்தாலோ ஓரம் பொடிந்தாலோ மாற்றுங்கள், டிஸ்க் நீலம் பாரித்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டு விடுங்கள். நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். கழுவி முடித்து அடியில் எண்ணெய் ஸ்பிரே அடிப்பார்களே, அது வேண்டவே வேண்டாம், அந்தப் புகை மாதிரித் துளி எல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும்தான் போய்ப் படிகிறது. டயர் பாலிஷும் துணியில் எடுத்துத் துடைக்கட்டும், ஸ்பிரே வேண்டாம். வீட்டில் கழுவினால் உடனே நிறுத்திவிடாமல் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டு டிஸ்க்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

பேட் வாங்குவதில், சத்தம்தான் உங்கள் கவலை என்றால் உலோகத் தூள் அதிகம் கலந்த வகையைவிட ஆர்கானிக் அல்லது செராமிக் வகை பொதுவாக அமைதியானது, உலோகக் கலப்பு வகை சூட்டை நன்றாகத் தாங்கும் ஆனால் சத்தத்துக்கு வாய்ப்பு அதிகம். தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு வண்டிக் கம்பெனி போட்டுத் தந்த வகையே போதும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஷிம் இல்லாமல், அச்சு எழுத்து இல்லாமல் வெறும் தகடாக இருப்பதை வாங்க வேண்டாம்.

நீங்களே கழற்றப் போவதில்லை, கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் "பிரேக் சத்தம் வருது, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பின்னைக் கழற்றி சிலிக்கான் கிரீஸ் போடணும், கிளிப்புக்கு அடியில் துரு எடுக்கணும், ஷிம்மைத் திருப்பிப் போடணும், கழற்றின பேடை என்னிடம் காட்டணும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். உள்பக்கப் பேடையும் வெளிப்பக்கப் பேடையும் பக்கத்தில் வைத்துக் கனத்தை ஒப்பிடுங்கள், நிறைய வித்தியாசம் இருந்தால் அங்கேயே பின்னைக் கேளுங்கள். நான் இப்போது டயர்களை இடம் மாற்றிப் போடுகிற ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும், சக்கரம் எப்படியும் கழன்றிருக்கிறதே என்று, பின்கள் கையால் நகர்கிறதா, பூட் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை முழுக்கக் கழற்றிச் சுத்தம். வேளச்சேரி அண்ணன் புது பேட் எதுவும் போடவில்லை, சர்வீஸ் சென்டரில் மாட்டிய அதே பேட்களைத்தான் ஷிம், கிளிப், பூட் மட்டும் புதுசு வாங்கித் திருப்பி மாட்டினார். அவை அதற்குப் பிறகு ரொம்ப காலம், எச்சரிக்கை நாக்கு தொடுகிற வரைக்கும், சத்தமே இல்லாமல் ஓடின.